மலையகத்தில் வீடு விற்கும்போது துருப்பிடித்த டிபி பெட்டியை என்ன செய்வது: முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் வீட்டை விற்க முன்வருபவர்களில் பலர், வாங்க வந்தவர் மின்விநியோகப் பெட்டியின் (டிபி பெட்டியின்) மூடியைத் திறந்து காட்டிய பிறகுதான் அதற்குள் துரு ஏறியிருப்பதை அறிகிறார்கள். அதன்பின் அவசரத்தில் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அல்லது அடுத்த நாளே புதுப் பெட்டியொன்றை அதே சுவரில் அதே இடத்தில் மாட்டுகிறார்கள். அதுவும் இல்லையென்றால் கேட்ட தொகையை விலையில் குறைத்துவிடுகிறார்கள். இம்மூன்றும் தவறான தொடக்கங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டறிந்து, பழுதின் அளவை எழுத்தில் பெற்று, அதன் பிறகே விலையையும் வேலையையும் பேச வேண்டும். இவை அனைத்தும் முற்பணம் கைமாறுவதற்கு முன்பு முடிந்திருக்க வேண்டும்.

இவ்வழிகாட்டி விற்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வாங்குபவரும் இதே வரிசையில் கேள்விகளைக் கேட்கலாம்.

1. தொடங்குமுன் தேவையானவை

நல்ல டோர்ச் லைட், படமெடுக்கக் கூடிய கைபேசி, குறிப்பேடு, கடைசியாக வந்த மின் பட்டியல், ஓர் அடி சதுரமுள்ள தடித்த பொலித்தீன் துண்டு, ஒட்டும் டேப். வீட்டுக்காரருக்கு இவ்வளவே போதும். ஸ்க்ரூ டிரைவரைப் பட்டியலில் சேர்க்காதது காரணத்தோடுதான். உள்மூடியைக் கழற்றும் வேலை உங்களுடையது அல்ல.

அந்த வேலைக்குத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் வேண்டும். அவரை அழைக்கும்போதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ளதா, காப்பு எதிர்ப்பையும் (வயரின் உறை மின்கசிவைத் தடுக்கும் அளவு) எர்த் எதிர்ப்பையும் (மின்சாரம் நிலத்துக்குள் இறங்கும் வழியின் தடை) அளக்கும் கருவிகள் உள்ளனவா. டெஸ்டரையும் இடுக்கியையும் மட்டும் கொண்டு வருபவர் கைத்திறன் மிக்கவராக இருக்கலாம். ஆனாலும் வாங்குபவரிடம் காட்டக்கூடிய அளவீடு எதையும் அவரால் தர முடியாது.

எந்தக் காலத்தில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழையே பெரிது. வெலிமடை, பதுளைப் பக்கங்களில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையே அதிகம். உங்கள் பக்கத்து மழை ஓய்ந்த ஒரு வாரத்துக்குள் பாருங்கள். கசிவின் தடம் அப்போதுதான் காயாமல் தெரியும்.

2. எது மின்சார சபையுடையது, எது உங்களுடையது

கம்பத்திலிருந்து வரும் சேர்விஸ் வயரும், மீட்டரும், அதனோடு முத்திரையிடப்பட்டுள்ள பிரேக்கரும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) மின்சார சபையின் பொறுப்பு. மீட்டருக்குப் பின்னால் வரும் மெயின் சுவிட்ச், ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு ஏற்பட்டால் தானாக நிறுத்தும் சுவிட்ச்), டிபி பெட்டி, வீட்டு வயரிங், எர்த் ராட் (நிலத்தில் இறக்கப்படும் உலோகக் கம்பி) ஆகியவை உங்களுடையவை.

இந்த எல்லையை முதலில் வகுப்பதற்குக் காரணம் உண்டு. மீட்டர் பெட்டியின் முத்திரையை உடைப்பது குற்றமாகும். விற்பனை நடக்கும் நேரத்தில் அப்படியொரு சிக்கல் வந்தால் பெயர் மாற்றமும் தடைப்படும். மீட்டருக்கு உள்ளேயோ அதற்கு முன்னாலோ துருவும் கருகலும் தெரிந்தால் மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு அறிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகச் சரிசெய்யப்பட வேண்டிய பகுதிக்கும் விலையைக் குறைத்துக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. மூடியைக் கழற்றாமல் செய்யும் முதற்பார்வை

பகல் நேரத்தில், உலர்ந்த தரையில், உலர்ந்த செருப்போடு நின்று பாருங்கள். பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து கீழே துருக்கோடு வடிந்திருக்கிறதா, மூடியின் திருகாணிகளைச் சுற்றிச் செம்மை படர்ந்திருக்கிறதா, பெட்டிக்குப் பின்னால் சுவர் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று கவனித்து ஒவ்வொன்றையும் படமெடுங்கள். காலையில் சுடுநீர் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டியருகே மீன் கெட்டது போன்ற நெடியோ கருகிய பிளாஸ்டிக் மணமோ வந்தால், உள்ளே ஏதோவோர் இணைப்பு சூடேறுகிறது என்று பொருள்.

பெட்டி ஈரமாகத் தெரிந்தாலோ, உள்ளே சலசலப்புச் சத்தம் கேட்டாலோ அதைத் தொடாதீர்கள். மின்சார சபைக்கு அறிவித்து இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள்.

பெட்டி உலர்வாக இருந்தால் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அது உடனே விழ வேண்டும், அதாவது தானாக நின்றுவிட வேண்டும். விழாவிட்டால் உள்ளிருக்கும் இயக்கம் துருவினால் இறுகியிருக்கலாம். அந்தச் சுவிட்ச் இனி யாரையும் காப்பாற்றாது. சில பழைய சுவிட்சுகள் விழுந்த பின் மீண்டும் ஏறுவதில்லை என்பதால், எலக்ட்ரீஷியன் வரக்கூடிய நாளின் காலையிலேயே இதைச் செய்வது நல்லது. பொத்தான் வேலை செய்வதைக் கண்டு எர்த்தும் சரியாக உள்ளது என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்தப் பொத்தான் எர்த் வயரைச் சோதிப்பதே இல்லை.

4. உள்ளே தெரியும் நிறங்களைப் படித்தல்

எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை நிறுத்தி உள்மூடியைக் கழற்றும்போது அருகில், ஆனால் கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் மீட்டரிலிருந்து அதற்குள் வரும் முனைகளில் 230 வோல்ட் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே.

செந்துரு பெட்டியின் இரும்பிலும் திருகாணிகளிலும் வருவது. வெளித்தகட்டோடு நின்றுவிட்டால் ஆபத்து குறைவு. பச்சைக் களிம்பு செப்பில் வருவது. நியூட்ரல் சட்டத்திலோ (மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயர்கள் ஒன்றுசேரும் உலோகப் பட்டை) வயர் நுனியிலோ அது தெரிந்தால் ஈரம் மின்னோடும் பாகத்தைத் தொட்டுவிட்டது என்று அறியலாம். வெள்ளைப் பொடி அலுமினியத்தின் அடையாளம். அலுமினிய வயரும் செப்பு வயரும் நேரடியாக முறுக்கப்பட்ட இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். கறுத்து நொறுங்கும் காப்புறை, வெப்பம் ஏற்கெனவே தாக்கியதைக் காட்டுகிறது.

களிம்பை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு கணக்கு விளக்கும். 4.5 கிலோவொட் சுடுநீர் ஹீட்டர் ஏறத்தாழ 20 அம்பியர் இழுக்கிறது. நல்ல இணைப்பொன்றின் எதிர்ப்பு ஓமின் ஆயிரத்திலொரு பங்கு எனக் கொண்டால் அங்கே பிறக்கும் வெப்பம் அரை வொட்டுக்கும் குறைவு. களிம்பினால் அதே எதிர்ப்பு ஓமின் பத்திலொரு பங்காக உயர்ந்தால், அந்தச் சிறு திருகாணியில் 40 வொட் வெப்பம் பிறக்கும். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலுக்கு நிகரான வெப்பம் அது. மின்னோட்டம் கூடாததால் பிரேக்கர் விழாது. குளிர்ப்பிரதேசத்தில் காலை வேளையில் வீடு முழுவதும் சுடுநீர் தேடும்போது, இந்த வெப்பம் நாள் தவறாமல் ஏறி இறங்குகிறது.

நியூட்ரல் சட்டத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேஸ் இணைப்புள்ள (மின்சாரம் மூன்று வயர்களில் வரும்) வீட்டில் துருவினால் பிரதான நியூட்ரல் தளர்ந்தால், சில சாதனங்களுக்கு 230 வோல்ட்டை மிகவும் தாண்டிய மின்னழுத்தம் போய்ச் சேரும். குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் ஒரே நேரத்தில் எரிந்துபோவது இப்படித்தான்.

5. ஈரம் வரும் வழியைக் கண்டறிதல்

இந்தப் படிக்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். கொட்டகலைப் பக்கத்தில் ஒரு வீட்டில் விற்பனைக்காகப் புதிதாக மாட்டிய பெட்டி முதல் மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் துருவேறியதைக் கண்டேன். பெட்டியில் குறை இருக்கவில்லை. கூரையிலிருந்து இறங்கிய, வயர் செல்லும் பைப் தண்ணீரை நேராக அதற்குள் கொண்டுவந்துகொண்டிருந்தது.

முதலில் அந்தப் பைப்பைப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் வயர், பைப்புக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து பின் மேலேற வேண்டும். அப்போது மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். வளைவு இல்லையென்றால் நீர் வயரோடு ஒட்டியே உள்ளே வரும். துரு பெட்டியின் மேற்பக்கத்தில், பைப் நுழையும் துளைக்கு நேர் கீழே தொடங்கியிருந்தால் பெரும்பாலும் வழி இதுதான்.

அடுத்தது மண்மேட்டை ஒட்டிய சுவர். நம் பகுதியில் மலைச்சரிவை வெட்டித் தளம் அமைப்பதால் பின்சுவரின் ஒரு பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. அந்தச் சுவர் ஆண்டு முழுவதும் ஈரத்தை உறிஞ்சுகிறது. இங்கே துரு பெட்டியின் பின்தகட்டிலும் கீழ்த் திருகாணிகளிலும் தொடங்கும்; சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் அதைச் சூழ்ந்த இடங்களிலும் இரவில் சுவரும் இரும்பும் சில்லிட்டுப் போகும்; குசினியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வரும் வெதுவெதுப்பான ஆவி அவற்றில் பட்டு நீராகிறது. பெட்டிக்கு மேலே செல்லும் பைப்பின் வாய் திறந்திருந்தால், வீட்டுக்குள்ளிருக்கும் காற்று அதன் வழியே குளிர்ந்த கூரைக்கு ஏறி, நீராகிப் பெட்டிக்குள்ளேயே திரும்பச் சொட்டும். இந்தத் துரு ஓரிடத்தில் தொடங்காமல் எல்லாத் திருகாணிகளிலும் புள்ளிபுள்ளியாகத் தெரியும். பெட்டி விறகடுப்புக்கு அருகில் இருந்தால் புகையின் அமிலத்தன்மையும் ஈரத்தோடு சேர்ந்து களிம்பை விரைவுபடுத்தும்.

சுவர்க்கசிவா, காற்றின் ஈரமா என்று பிரித்தறியப் பொலித்தீன் துண்டைப் பெட்டிக்கு அருகே சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாட்கள் விட்டுவிடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் காற்றிலிருந்து வருகிறது. செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் சுவரை உடைத்தவர்கள் உண்டு.

கூரை நீரை ஏந்தும் பீலி நிரம்பி வழிவதையும் கூரைத் தகரத்தின் ஆணித்துளைகளையும் மழை பெய்யும்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

6. அளவீடுகளோடு கூடிய அறிக்கை

எலக்ட்ரீஷியனிடம் திகதி, கையொப்பம், அளவீடுகள், படங்கள் கொண்ட ஓர் அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். “பழையது, மாற்ற வேண்டும்” என்ற ஒற்றை வரியை வைத்து எவரோடும் விலை பேச முடியாது.

காப்பு எதிர்ப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாக 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் அளக்கப்பட வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்தச் சுற்றில் ஈரமோ பழுதோ உள்ளது. அளக்குமுன் சாதனங்களையெல்லாம் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அளவு பொய்யாகும், சாதனமும் கெடும்.

எர்த் எதிர்ப்பை அளந்த திகதியையும் அண்மையில் பெய்த மழையையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். மண் காய்ந்தால் எதிர்ப்பு உயரும். நம் பகுதியில் ராட் சற்று ஆழத்திலேயே பாறையில் முட்டி நின்றுவிடுவதும், மிகுதியை வெட்டியெறிந்து மூடிவிடுவதும் நடக்கின்றன. அதைத் தோண்டிப் பார்த்தாலன்றித் தெரியாது. எர்த் 10 ஓம் என்ற நல்ல நிலையிலிருந்தாலும் பழுதின்போது அதன் வழியே ஓடக்கூடியது 23 அம்பியர் மட்டுமே. 32 அம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. அந்த நேரத்தில் உயிரைக் காப்பது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான். ஆகவே அது எத்தனை மில்லி செக்கனில் விழுகிறது என்பதும் அறிக்கையில் வேண்டும். அதன் குறித்த மின்னோட்டத்தில் 300 மில்லி செக்கனைத் தாண்டினால் மாற்ற வேண்டும்.

7. எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்

வெளித்தகட்டில் மட்டும் துருவுள்ள பெட்டியைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து வைத்துக்கொள்ளலாம். வயரின் நுனியைச் சில சென்ரிமீற்றர் வெட்டிய பின் செப்பு பளபளப்பாகத் தெரிந்தால் அந்த வயரும் நல்லதே. வெட்ட வெட்டக் கறுப்பாகவே வந்தால் அந்தச் சுற்றின் வயரை மாற்ற வேண்டும்.

பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், மெயின் சுவிட்ச் ஆகியவற்றின் முனையில் துருவோ நீர் வடிந்த தடமோ இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். அவற்றின் ஸ்பிரிங்கும் தொடுமுனைகளும் உள்ளே மூடியிருப்பதால் வெளியே துடைத்து உள்ளே சரியாகிவிட்டது என்று எவரும் உறுதி தர முடியாது. வெயிலில் காயவைத்தோ எண்ணெய் தெளித்தோ மறுபடி மாட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். எண்ணெய் தூசியையும் புகைக்கரியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாங்குபவர் குழந்தைகளோடு அந்த வீட்டில் உறங்கப்போகிறவர்.

ஈரமான சுவரில் உலோகப் பெட்டியை மீண்டும் மாட்டுவதைவிட, நீர் புகாத பிளாஸ்டிக் பெட்டியை உட்சுவர் ஒன்றில், குசினிக்கும் குளியலறைக்கும் விலகிய இடத்தில் பொருத்துவதே நல்லது. வயர்கள் கீழிருந்து நுழைவது சிறப்பு. மேலிருந்து வரும் பைப்புகளின் வாயை அடைக்கும் பசையால் அடையுங்கள்.

8. விற்பனைப் பேச்சில் இதை வைக்கும் முறை

அறிக்கையோடு இரண்டு எலக்ட்ரீஷியன்களிடம் எழுத்து மூலமான விலைமதிப்பைப் பெறுங்கள். ஈரத்தைத் தடுக்கும் மேசன் வேலையைத் தனியாகவும் மின்வேலையைத் தனியாகவும் பிரித்து எழுதச் சொல்வது அவசியம். ஒரே தொகையாக எழுதினால், பேரம் பேசும்போது முதலில் விடுபடுவது மேசன் வேலையாகவே இருக்கும்.

பின்னர் வாங்குபவரிடம் அறிக்கையைக் காட்டி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: நீங்களே வேலையை முடித்துக் கொடுப்பது, அல்லது மதிப்பிட்ட தொகையை விலையில் கழிப்பது. நானானால் முதலாவதையே தேர்வேன். தொகையைக் கழித்துக்கொண்டவர் குடிபுகுந்த அவசரத்தில் வேலையைத் தள்ளிப்போடுவதையும், பழுதான பெட்டியோடு ஒரு மழைக்காலத்தைக் கழிப்பதையும் கண்டிருக்கிறேன்.

எதைத் தேர்ந்தாலும் அது நொத்தாரிசு எழுதும் விற்பனை உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி, வீடு விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கைச்சாத்திடப்பட வேண்டும். ஆகவே தேநீர் குடிக்கும்போது வாய்வார்த்தையாகத் தந்த உறுதிமொழியைப் பின்னர் நிலைநாட்டுவது கடினம். என்ன வேலை, எந்தத் திகதிக்குள், எவரின் செலவில், முடிந்தபின் எந்த அளவீடுகள் காட்டப்பட வேண்டும் என்று நான்கையும் எழுதச் சொல்லுங்கள். அறிக்கையை இணைப்பாகச் சேர்ப்பது விற்பவருக்கும் பாதுகாப்பு. குறையை அறிந்தும் மறைத்து விற்றவர் பின்னர் வழக்கைச் சந்திக்க நேரும். வெளிப்படுத்தி விற்றவரிடம் அதற்கான ஆவணம் கையில் இருக்கும்.

9. வேலை நடக்கும் நாட்கள்

மேசன் வேலை முதலில் வரட்டும். பீலி, பைப் வளைவு, சுவர்க்கசிவு ஆகியவற்றைச் சரிசெய்து, பூச்சு காய்ந்த பிறகே புதுப் பெட்டி சுவரேற வேண்டும். மேற்குச் சரிவுகளில் ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் இதற்கு ஏற்றது.

மெயின் சுவிட்சையே மாற்ற வேண்டியிருந்தால், மின்சார சபையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். மின்னோடும் வயரைக் கையால் கழற்றிக் காட்டும் திறமையை எவரிடமும் ஊக்குவிக்காதீர்கள்.

பழைய வயர்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். நிறத்தை மட்டும் நம்புவது ஆபத்து. பழைய முறையில் சிவப்பு லைன் (மின்சாரம் வரும் வயர்), கறுப்பு நியூட்ரல். புதிய முறையில் கபிலம் லைன், நீலம் நியூட்ரல். பழைய மூன்று பேஸ் வீடுகளிலோ நீலம் ஒரு பேஸாக இருந்தது. இரண்டு காலத்து வயர்களும் கலந்த வீட்டில் நீல வயரை நியூட்ரல் என்று எண்ணிக் கட்டினால் விளைவு விபரீதமாகும்.

பிரேக்கரை வயருக்கேற்பவே தெரிவு செய்ய வேண்டும். 1/1.13 வயரில் (முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது ஓர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில்) ஓடும் விளக்குச் சுற்றுக்கு 6 அம்பியர், 7/0.67 வயருக்கு அதிகம் போனால் 20 அம்பியர், 4.5 கிலோவொட் ஹீட்டருக்குத் தனியாக 7/1.04 வயரும் 32 அம்பியர் பிரேக்கரும் என்பது பொதுவான அளவு. அடிக்கடி விழுகிறது என்பதற்காகப் பெரிய பிரேக்கரை மாட்டினால், தீப்பிடிக்கும் இடம் பெட்டியிலிருந்து சுவருக்குள் இருக்கும் வயருக்கு மாறும்.

10. சாவி கைமாறும் நாள்

வேலை முடிந்தபின் 6 ஆம் படியின் அளவீடுகளை மீண்டும் எடுத்து, பழைய அறிக்கையோடு சேர்த்து வாங்குபவரிடம் கொடுங்கள். விற்பனை உறுதி (காணிப் பத்திரம்) எழுதும் நாளுக்கு முன்னதாக அவர் முன்னிலையில் ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்திக் காட்டி, மாதம் ஒருமுறை அப்படிச் செய்யச் சொல்லுங்கள். எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு என்பதை அழியாத மையில் எழுதி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள்.

மீட்டர் வாசிப்பை இருவருமாகப் படமெடுத்து, அதுவரையான மின் பட்டியலைச் செலுத்தி, பற்றுச்சீட்டின் பிரதியைக் கொடுங்கள். உறுதியின் பிரதியோடும் அடையாள அட்டையோடும் வாங்குபவர் மின்சார சபை அலுவலகத்துக்குச் சென்று கணக்கைத் தன் பெயருக்கு மாற்றும்வரை அந்த இலக்கத்துக்கு வரும் பட்டியல்கள் உங்கள் பெயரிலேயே வரும். ஆகவே மாற்றம் முடிந்ததை அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.